கொக்கின் கழுத்து

கோல சிலாங்கூரை அடுத்த செம்பனைத் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். இன்று அசைவுப்படக் கலை பயிலும் மாணவன். “பொம்மை வரைந்து பிழைக்க முடியுமா?” என்று உற்றார் பலர் நகைத்தனர். குலை வெட்டிச் சேர்த்த பணத்தைத் தந்த என் தந்தையார் மட்டும் ஒன்றும் கேட்டிலர்.

சென்ற விடுமுறையில், செகிஞ்சான் வயலினின்று எழும் கொக்கொன்றைக் கணினியில் வரைந்தேன். ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள். ஒரு படத்தை இரு சட்டகங்களுக்கு நிறுத்தினும் 12 படங்கள் வேண்டும். நானோ முதலும் முடிவும் வரைந்து, இடைப்பட்டவற்றைக் கணினியிடம் விட்டேன்.

தந்தையார் பார்த்தார். “கொக்கு கழுத்தை நீட்டிக்கொண்டா பறக்கும், தம்பி?” என்றார். நாணினேன்.

மறுநாள் விடியலில், காகிதமும் பென்சிலும் கொண்டு வரப்பில் அமர்ந்தேன். எழும்போது நீண்ட கழுத்து, பறக்கையில் மடிந்து ஒடுங்கிற்று. விரைந்தடித்த சிறகு, உயரம் சென்றதும் நிதானமுற்றது. நாம் வேறு பணித்தாலன்றிக் கணினி இடைவெளியைச் சமமாகவே பங்கிடும். உயிரோ அங்ஙனம் அசைவதில்லை.

மலேசியாவின் முதல் அசைவுக் குறும்படம் எனப்படும் ‘ஹிகாயத் சாங் கஞ்சில்’ என்னும் சருகுமான் கதை, 1978இல் முடிவுற்றது. ஆக்கியவர் ஆனந்தம் சேவியர். கணினித் துணையற்ற அந்நாளில் கண்ணும் கையுமே கருவிகள். அன்பர்களே, கருவி பெருகிய இந்நாளில் நாம் கண்ணை மறக்கலாமோ?

பன்னிரண்டு படங்களையும் கையால் வரைந்து தந்தையாரிடம் காட்டினேன். அவர் புகழ்ந்தாரில்லை. “இன்னொரு தடவை ஓட்டு” என்றார்.

அதுவே எனக்குப் பட்டம்.