செயலித் தொல்லை

மாந்தர் ஒருவரையொருவர் காணவும் அளவளாவவும் அவாவுதல் இயற்கை. அவ்வவாவினை நிறைவேற்றுதற்கு நம் முன்னோர் திண்ணை கட்டினர், சந்தை கூட்டினர், விழா எடுத்தனர். இக்காலத்தார் இணையத்திலே சமூக வலைத்தளங்களைச் சமைத்துக்கொண்டனர். திண்ணைக்கும் தளத்திற்கும் உள்ள ஒப்புமையைப் பலர் எடுத்தோதியிருக்கின்றனர். யாம் ஈண்டு அவற்றிடையே உள்ள வேற்றுமை ஒன்றைக் குறித்தே சில சொல்லப் புகுகின்றோம். வழிப்போக்கன் ஒருவன் வந்தமர்ந்தவிடத்து, 'நின் வீட்டுத் திறவுகோலைத் தந்தாலன்றி இத்திண்ணையில் இராதே' என்று எவ்வூர்த் திண்ணைக்குடையாரும் கூறியதாக யாம் கேட்டிலேம்.

ஒரு தளத்தைக் காண்டற்கு வழிகள் இரண்டு. உலாவியிலே முகவரியை எழுதிப் புகுதல் ஒன்று. தளத்தார் ஆக்கித்தரும் செயலியைக் கைபேசியில் நிறுவிக்கொண்டு அதன் வாயிலாகப் புகுதல் மற்றொன்று. செயலி என்னுஞ் சொல்லைப் பற்றித் தமிழ் மாணவராகிய எமக்கு ஒரு சொல் உரைக்காமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. ஈற்றிலுள்ள இகரம் வினைமுதற்பொருளை உணர்த்துவது. ஆதலின் செயலைச் செய்வது செயலி. எவர்பொருட்டுச் செய்வது என்பதை மட்டும் அவ்விகுதி உணர்த்துகின்றிலது. எம் ஐயமெல்லாம் அதன்மேலதே.

உலாவி நம் ஏவலாள். விளம்பரத்தைத் தடுக்கவேண்டின் தடுக்கும். அடையாளக் குறிப்புகளை அழிக்கவேண்டின் அழிக்கும். சாளரத்தை மூடிய பின்னர்ப் பெரும்பாலும் வாளா இருக்கும். செயலியோ தளத்தாரின் ஏவலாள். ஆயினும் நம் வீட்டிலே குடியிருப்பது. தொடர்பேட்டையும், இருக்குமிடத்தையும், ஒலிவாங்கியையும் அது நம்மிடம் கேட்கின்றது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 2015-ஆம் ஆண்டுவரை இவற்றையெல்லாம் நிறுவும்பொழுதே ஒருங்கு கொடுத்தல் வேண்டும்; ஆறாம் பதிப்பு வந்த பின்னரே ஒவ்வொன்றாய்க் கேட்கும் வழக்கம் உண்டாயிற்று. மணியடித்து நம்மை அழைத்தற்கு இசைவு கேட்கும் முறையோ, 2022-இல் வந்த பதின்மூன்றாம் பதிப்பிலேதான் தோன்றிற்று. அதுகாறும் எந்நள்ளிரவிலும் செயலி கதவைத் தட்டலாம். வேண்டாதார் தாமே தேடிச்சென்று வாயடைத்தல் வேண்டும்.

செயலியே தீது என்பது எம் கருத்தன்று. படம் பிடித்தற்கும், கடல்கடந்து பேசுதற்கும் அது உலாவியினும் சிறந்த கருவியாகலாம். விரும்பினார் கொள்க. விரும்பாதாரையும் பிடரியிற் கைவைத்துத் தள்ளுவதே எமக்கு உடன்பாடன்று.

இத்தள்ளுதல் நேற்று இன்று தோன்றியதன்று. முகநூலார் 2014-இல் தம் கைபேசிச் செயலியினின்றும் செய்திப் பகுதியைப் பெயர்த்தெடுத்து, மெசஞ்சர் என்னும் வேறு செயலியை நிறுவினார்க்கே செய்தி என்றனர். கைபேசி உலாவி வழியே செய்தி படித்துவந்தார்க்கும் 2016-இல் அவ்வழி அடைபடத் தொடங்கிற்று. இன்ஸ்டாகிராம் 2010-இல் செயலியாகவே பிறந்தது. கணிப்பொறியிலிருந்து அதிற் படம் ஏற்றுதற்கு மக்கள் 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. ரெடிட் என்னும் தளத்தார், பிறர் ஆக்கிய செயலிகள் தம் தளத்தோடு உரையாடுதற்கு 2023-இல் பெருவிலை விதித்தனர். அப்பாலோ என்னும் செயலியை ஆக்கியவர், அவ்விலையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் ஆகுமெனக் கணக்கிட்டு, ஜூன் 30-ஆம் நாள் கடையைக் கட்டினார். அம்மாதம் 12-ஆம் நாள் ஆயிரக்கணக்கான குழுக்கள் தம் வாயில்களை அடைத்து எதிர்ப்புக் காட்டின. தளத்தார் மனம் இளகிற்றிலர்.

இத்துணை வற்புறுத்தல் எற்றுக்கு? 2021 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனத்தார், செயலிகள் ஒருவரைப் பிற செயலிகளிலும் தளங்களிலும் பின்தொடர்தற்கு முன் அவரது இசைவைக் கேட்டல் வேண்டுமென விதித்தனர். கேட்டல் வேண்டும் என்றனரே யன்றித் தொடரற்க என்றாரல்லர். அவ்வொரு கேள்வியால் 2022-ஆம் ஆண்டில் தமக்கு ஏறத்தாழ 1,000 கோடி டாலர் வருவாய் குறையுமென முகநூலுக்குரிய மெட்டா நிறுவனத்தின் நிதித்தலைவரே கூறினார். ஒரு கேள்வியின் விலை இதுவாயின், கேளாதிருத்தலால் வந்த ஊதியம் எத்துணைத்தென வாசகர் உய்த்துணர்க. பின்னர் 2025 ஜூனில் ஆராய்ச்சியாளர் சிலர் மற்றொன்று வெளியிட்டனர். ஆண்ட்ராய்டு கைபேசியில் அந்நிறுவனத்தின் செயலிகள் உள்ளே மறைவாகச் செவிசாய்த்திருந்து, அக்கைபேசி உலாவியிற் பிற தளங்களைக் காண்பார் இன்னார் என அறிந்துகொண்டிருந்தன என்பதே அது. செய்தி வெளிப்பட்டதும் அம்முறை நிறுத்தப்பட்டது. உலாவியிற் புகுவார்க்கும் காவல் இல்லையாயிற்று. வீட்டினுள் ஒற்றன் இருந்தான்.

இவையெல்லாம் பெருவணிகரின் வரவுசெலவு, நமக்கென்னை என்பார் உளராயின், அவர்க்கு எம் வீட்டுச் செய்தி ஒன்றைக் கூறுவோம்.

எம் தமக்கையார் மஸ்கட்டு நகரிலே செவிலியர். அவர்க்குச் சென்ற ஆண்டு ஆண்மகவு பிறந்தது. ஞானஸ்நானமும் ஆங்கே நடைபெற்றது. படங்களையெல்லாம் அவர் ஒரு வலைத்தளத்தில் இடுவது வழக்கம். தளத்தின் பெயர் ஈண்டு வேண்டா. எம் அன்னையார் ஊரில் இருக்கின்றார். அவர் கையிலுள்ளது மாமனார் கழித்துத் தந்த பழங் கைபேசி. அதிற் புதிய செயலி ஏறாது. ஏற இடமுமில்லை, ஏற்றினும் 'நும் கருவிக்குப் பொருந்தாது' என்னும் விடையே வரும். ஆதலின் விடுமுறையில் யாம் சென்றபொழுது, உலாவியிலே தமக்கையார் பக்கம் ஒருமுறை தொட்டால் திறக்குமாறு அமைத்துத் தந்தோம். சில திங்கள் அது நன்கு நடந்தது. பின்னர்ப் படங்களின் மேல் ஒரு பலகை வந்து நின்றது. 'செயலியிற் காண்க' என்பது அதிற் பெரிய எழுத்து; 'இப்பொழுது வேண்டா' என்பது மங்கிய சிறிய எழுத்து. எழுபதை அணுகும் கண்களுக்கு அச்சிற்றெழுத்துத் தென்படவில்லை. தென்படச்செய்து யாம் கல்லூரிக்கு மீண்டபின், அச்சிற்றெழுத்தும் மறைந்தது. இரண்டு வரிசைப் படங்கள் தோன்றும். மூன்றாவதைத் தொடுமுன் பலகை விழும்.

"என்ன ஐயா, பிள்ளை சிரிக்கப் போகிற நேரம் பார்த்துப் பலகையைக் கொண்டுவந்து வைக்கிறானே" என்று தொலைபேசியிற் கேட்டார். பலகை வைப்பவன் ஒருவன் அங்கே அமர்ந்திருப்பதாகவே அவர் எண்ணம். அவ்வெண்ணம் முற்றும் பிழையென்று எமக்குத் தோன்றவில்லை.

தமக்கையார் படங்களைத் தனியே அனுப்பலாகாதோ எனின், அனுப்பத்தான் செய்கின்றார்; பன்னிரண்டு மணி நேரம் நின்று பணிசெய்து வருபவர் நாடோறும் அதனைச் செய்தல் அரிது. புதுக் கைபேசி வாங்கலாகாதோ எனின், அன்னையார் வேண்டா என்றார். காரணம் கூறிலர். இவ்வாண்டு எம் விடுதிக்கட்டணம் உயர்ந்தது என்பதை யாம் அறிவோம். அடுத்த வீட்டுப் பெண்ணின் கைபேசியில் சின்னாள் பார்த்துவந்தார். தம் பேரனைக் காணப் பிறர் வாயிலில் நின்று கேட்பது கூச்சமாயிற்றென்று அதனையும் விட்டார்.

நம் நாட்டிலே இதற்கொரு விதி உண்டென்பது பலர் அறியாதது. 2023 நவம்பர் 30-ஆம் நாள் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணைய வணிகர் மக்களை ஏய்க்கும் பதின்மூன்று தந்திரங்களைப் பெயர்சுட்டி விலக்கி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று நச்சரித்தல். அதற்கு அந்நெறிகள் காட்டும் உதாரணம் யாதெனின், ஒரு தளம் தன் செயலியைப் பதிவிறக்குமாறு திரும்பத்திரும்பக் கேட்டல். எம் அன்னையாரின் முறையீட்டைக் கேட்டே எழுதினாற்போன்ற சொற்கள்!

மகிழ்ச்சி நீளவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கட்டணமின்றிச் செய்யப்படும் பணி பணியாகாது என்கின்றது. சமூகத் தளத்தார் நம்மிடம் காசு வாங்குவதில்லை. ஆதலின் அவர் வழக்கறிஞர் இவ்வோட்டை வழியே நழுவப் பார்ப்பர். காசு வாங்காமலா அவர்க்கு ஒரு கேள்வியால் 1,000 கோடி டாலர் குறைந்தது? எம் அன்னையாரிடம் கேட்கப்படும் தொடர்பேடும் இடக்குறிப்பும் விலையல்லவெனின், அவற்றைப் பெறாமற் கதவு திறவாமை எக்காரணத்தால்? சட்டம் பயிலும் நண்பர் எவரேனும் இதற்கு விடை எழுதின் யாம் கடமைப்பட்டவராவோம்.

முறையிடும் வழியையும் தேடினோம். இத்தகைய தந்திரங்களை அறிவித்தற்கென்றே நுகர்வோர் துறையார் 2024 டிசம்பர் 24-ஆம் நாள் ஒன்றை வெளியிட்டிருக்கின்றனர். அதுவும் ஒரு செயலி! நகைப்பதா நோவதா என அறியாது சிறிது நேரம் வாளா இருந்தோம். நல்லவேளையாக 1915 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு. அதற்கு எப்பழங் கைபேசியும் போதும். சென்ற விடுமுறையில் அன்னையார் கைபேசியிலிருந்தே அவ்வெண்ணை அழைத்து, அவர் பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்க, நடந்தவற்றை யாம் உரைத்தோம். முறையீட்டின் எண்ணை அன்னையார் சமையலறை நாட்காட்டியிற் குறித்து வைத்திருக்கின்றார். மகவு இப்பொழுது சுவரைப் பிடித்து நடக்கின்றதாம்.