கைப்புண்ணுக்குக் கண்ணாடி

கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி வேண்டுமா என்று நம் முன்னோர் கேட்டனர். வேண்டும் என்பாரும் இக்காலத்தில் உளர். கண்ணாடி மட்டும் அவர்க்குப் போதாது. புண்ணுள்ள கை ஆயிரத்தையும் புண்ணில்லாக் கை ஆயிரத்தையும் ஒப்புநோக்கி, முடிவை அட்டவணையிலிட்டுக் காட்டினாலன்றி ஒப்போம் என்பர். அதுவரை மருந்திடலும் ஆகாதாம்!

தமிழாசிரியனாகிய எனக்கு இவர்கள் புதியவரல்லர். "கட்டுரையைத் திருத்தி மீண்டும் எழுதுக" என்றால், "அதனாற் பயன் உண்டென்பதற்கு விஞ்ஞான ஆதாரம் என்ன, சேர்?" என வினவும் மாணவர் வகுப்புக்கு ஒருவராவது இருப்பர். இடைவேளை மணி அடித்ததும் வெளியே ஓடுதற்கு மட்டும் அவர் ஒருநாளும் ஆதாரம் கேட்டதில்லை.

இத்தகையோரை விஞ்ஞானிகளே நகையாடியதுண்டு. ஒரு சிகிச்சையின் பயனை அறிய, மக்களைத் திருவுளச்சீட்டு முறையில் இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு மட்டும் அதனைக் கொடுத்துப் பார்த்தல் வைத்திய ஆய்வின் சிறந்த முறை. 2003இல் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் இருவர், பரசூட் உயிர் காக்கும் என்பதற்கு இம்முறையில் நடந்த பரிசோதனை ஒன்றேனும் உண்டோ என்று தேடி, இல்லையென எழுதினர். இம்முறையன்றி வேறொன்றையும் ஏற்காதோர் பரசூட் இன்றித் தாமே குதித்துப் பரிசோதிக்கலாம் என்பது அவர் குறிப்பு. 2018இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் உண்மையாகவே 23 பேரைக் குதிக்கச் செய்தனர். பரசூட் அணிந்தோர்க்கும் வெறும் பையைச் சுமந்தோர்க்கும் வேறுபாடு காணப்படவில்லை, ஒருவர்க்கும் தீங்கில்லை. விமானம் தரையில் நின்றது. குதித்த உயரம் ஏறக்குறைய இரண்டடி!

ஆதாரம் கேட்டலே தவறென்று யான் கூறவில்லை. ஞாயிறு பூமியைச் சுற்றுவது கண்கூடு என்றே உலகம் நெடுங்காலம் நம்பியது. கேள்வி கேட்டவராலேயே உண்மை வெளிப்பட்டது. எனினும் காண்டல், கருதல், உரை என அளவைகளை வகுத்த நம் நூலார், எதற்கு எது வேண்டும் என்பதை அறிந்திருந்தனர். புகையைக் கண்டு தீயை உணர்தல் கருதல். தீயையே கண்டவன் புகையைத் தேடி நிற்பானாயின் வீடு எரிந்துவிடும்.

எரிந்த வீடுகளும் உண்டு. 1847இல் வியன்னா நகரத்துப் பொது வைத்தியசாலையில் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர், பிரேதங்களைச் சோதித்தபின் மகப்பேற்று விடுதிக்கு வருவோர் குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரிற் கை கழுவுக என விதித்தார். அங்கே 100க்கு 18 அளவில் இருந்த தாய்மார் மரணம் சில மாதங்களில் 2 அளவுக்கு இறங்கியது. கிருமிக் கொள்கை நிலைபெறாத காலம் அது. காரணம் தெளிவாகவில்லையென்று பெரிய வைத்தியர் பலர் ஏற்க மறுத்தனர். அவர்கள் ஐயுற்றிருந்த ஆண்டுகளில் தாய்மார் இறந்துகொண்டேயிருந்தனர்.

அவராவது மயங்கினர் எனலாம். 1950இல் டோல், ஹில் என்போர் புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினர். 1954இல் அமெரிக்கச் சிகரெட்டுக் கம்பனிகள் பத்திரிகைகளில் விளம்பரமிட்டு, அத்தகைய ஆய்வுகள் முடிந்த முடிபல்ல, மேலும் ஆராய்வோம் என்றன. ஆராய்ச்சி நடந்தது, விற்பனையும் நடந்தது.

ஆதலின், மாணவர்காள், ஆதாரம் கேளுங்கள்; கேட்பவரையும் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆதாரம் கிடைத்தால் யாது செய்வீர்?" உண்மையை நாடுவோன் இதற்கு உடனே விடை கூறுவான். செய்யவேண்டியதைத் தள்ளிப்போட விரும்புவோன் இன்னோர் ஆதாரம் கேட்பான்.

இக்கல்லூரியாற் பயன் உண்டென்பதற்கு ஆதாரம் யாது என எவரேனும் வினவின், பிள்ளைகளைச் சீட்டுப்போட்டுப் பிரித்து, ஒரு பாதியை எழுத்தறியாது வளர்த்துக் காட்ட எம்மால் இயலாது. பழைய மாணவர் இந்த மலரை வாசித்துக்கொண்டிருக்கின்றனர். எனக்கு அதுவே போதும்.