மூட்டை யார் தோளில்?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்து மணி. என் முதுகில் 18 கிலோ. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் ஏழு. மீதி எடைக்கு ஒரு சுருள் கயிறும் பழைய கம்பளியும். இங்கிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை நடக்க வேண்டும். தை மாதம் தொடங்கிய பழக்கம், ஒரு ஞாயிறும் தவறவில்லை.

கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க தம்பி, ஊருக்கா?"

"இல்ல தாத்தா. மலைக்குப் போறேன். அதுக்கு நடந்து பழகுறேன்."

"சபரிமலையா?"

"இமயமலை. பனிமலை."

ஊசியைக் கீழே வைத்துவிட்டு என் ஷூவைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அங்க காத்து எப்படி அடிக்கும்?"

ஐந்து மாதமாக எல்லோரும் எவ்வளவு செலவாகும் என்றுதான் கேட்கிறார்கள். கடலுக்குப் போன மனிதர் மட்டும் காற்றைக் கேட்டார். வாடையும் கொண்டலும் பார்த்துப் படகு இறக்கியவருக்கு எதை முதலில் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

நாங்கள் போகத் திட்டமிட்டிருப்பது நுன் சிகரம். உயரம் 7,135 மீட்டர். லடாக்கில், கார்கில் மாவட்டத்தில், சுரு ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே நிற்கிறது. பக்கத்திலேயே 7,077 மீட்டரில் குன். இரட்டைச் சிகரங்கள். எவரெஸ்டின் 8,848 மீட்டர் என் சம்பளத்துக்கு எட்டாது. நேபாள அரசு வாங்கும் அனுமதிக் கட்டணமே 2025 செப்டம்பரிலிருந்து 15,000 டாலர் ஆகிவிட்டது. வழிகாட்டி, ஆக்ஸிஜன், சாப்பாடு எல்லாம் அதற்கு மேல். விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வியும், கோவளத்தில் அலைச்சறுக்கு விளையாடிய ராஜசேகர் பச்சையும் 2023 மே மாதத்தில் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். கோவளத்துப் பையன் ஏறிய செய்தியைப் படித்த அன்றுதான், கடற்கரைக்காரனுக்கும் பனி கைகூடும் என்று எனக்குள் உறைத்தது.

என்னைப் போன்ற ராயபுரத்துக்காரனுக்கு இமயம் அந்நியம் இல்லை. எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்ட நில அளவைப் பணிக்கு 1802இல் பரங்கிமலைப் பக்கம்தான் அளவையாளர் லாம்டன் சங்கிலி பிடித்து அடிப்படைக் கோட்டை அளந்தார். அந்தச் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று 1856இல் அறிவித்தார்கள். அதே 1856, ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. பிற்பாடு நாடு முழுவதற்கும் உயரக் கணக்கின் அடிப்படையாகக் கடல் மட்டத்தை நிர்ணயித்தபோது, ஒன்பது துறைமுகங்களில் கடலின் ஏற்ற இறக்கத்தை அளந்தார்கள். சென்னையும் நாகப்பட்டினமும் அவற்றில் அடக்கம். எந்த ஊர் ரயில் நிலையப் பலகையிலும் ஓரமாக எழுதியிருக்கும் 'கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர்' என்ற வரியில் எங்கள் அலைக்கும் பங்கு உண்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. வலப்புறம் கடல், கரையைக் காக்கக் கொட்டிய கருங்கல். இடப்புறம் தூசி. இந்த மண்ணில் மேடு என்று ஒன்று கிடையாது. ஏற்றம் வேண்டுமென்றால் மாடிப்படிதான். எங்கள் குடியிருப்பு நான்கு மாடி. ஒருமுறை ஏறினால் 12 மீட்டர். ஐம்பது முறை ஏறினால் 600 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு முகாமிலிருந்து அடுத்த முகாமுக்கு ஏறும் உயரம். வாரத்தில் இரண்டு இரவு, எல்லா வீட்டிலும் விளக்கணைந்த பிறகு, பையோடு ஏறி இறங்குகிறேன். இரண்டாம் மாடி அக்கா எனக்காகப் படிக்கட்டு விளக்கை எரியவிட்டே வைத்திருக்கிறார்.

படியும் மணலும் காலுக்குப் பலம் தரும். மூச்சுக்கு இங்கே பயிற்சி கிடையாது. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் இங்கிருப்பதில் பாதி. நுன் உச்சியில் அதற்கும் கீழே. உடம்பு அதற்குப் பழக நாள் வேண்டும். பணம் கொடுத்து அந்த நாளை வாங்க முடியாது. அதனால்தான் விமானத்தில் 3,500 மீட்டர் உயரத்து லேயில் போய் இறங்காமல், டெல்லி வரை ரயிலிலும் பிறகு ஸ்ரீநகர், கார்கில் வழியாகச் சாலையிலும் போக முடிவெடுத்தோம். 3,000 மீட்டர் தாண்டிய பிறகு, படுக்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு. பகலில் மேலே சாமான் கொண்டுபோய் வைத்துவிட்டு இரவு கீழே வந்து படுப்பதை 'லோட் ஃபெர்ரி' என்கிறார்கள். சுமார் 4,600 மீட்டரில் அடிவார முகாம், அதற்கு மேல் மூன்று முகாம்கள். இப்படி ஏறி இறங்கி, மோசமான வானிலைக்கென்று சில நாட்களை ஒதுக்கினால், பயணம் மூன்று வாரத்தைத் தாண்டிவிடும்.

மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், சாரத்தில் ஏறி வேலை செய்பவர்களின் பாதுகாப்பைக் கவனிப்பது என் வேலை. தினமும் காலையில் பெல்ட்டைத் தொட்டுப் பார்ப்பேன். ஒவ்வொரு பெல்ட்டிலும் இரண்டு கயிறு, இரண்டு ஹூக். ஒன்றை மாட்டாமல் இன்னொன்றைக் கழற்றக் கூடாது. ஒரு நொடிகூட மனிதன் வெறுமனே நிற்கக் கூடாது. உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சிக்குப் போனபோது, பனிச்சரிவில் கட்டிய கயிற்றில் முளை வரும் இடத்தில் பயிற்சியாளர் இந்தியில் கத்தியதும் இதையேதான். முளைக்கு அந்தப் பக்கம் ஒரு கொக்கியை மாட்டு, 'டிக்' என்று மூடிய சத்தம் கேட்ட பிறகு இந்தப் பக்கத்தைக் கழற்று. மொழி புரியாமலே என் கை செய்தது. உயரத்தில் வேலை செய்யும் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு மலையேற்றத்தின் பாதிப் பாடம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. யாரும் அவர்களிடம் அதைச் சொன்னதில்லை.

திருவொற்றியூர் வந்ததும் பட்டினத்தார் சமாதிப் பக்கம் கொஞ்சம் உட்காருவேன். நைனாவின் ஞாபகம் வருவது அங்கேதான்.

நைனா துறைமுகத்தில் லோடுமேன். 1983இல் கன்டெய்னர் முனையம் வருவதற்கு முன்னால் கப்பலிலிருந்து எல்லாமே மூட்டையாகத்தான் இறங்கும் என்பார். இடது தோளில் தோல் காய்த்து மேடு தட்டியிருக்கும். அவருடைய மூட்டைக் கொக்கி இன்றும் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. மரப்பிடியில் நாலு விரல் பதிந்த பள்ளம். நான் பிடித்துப் பார்த்தால் என் விரல்கள் அந்தப் பள்ளத்தில் பொருந்துவதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் லடாக்கில் 6,250 மீட்டர் உயரமுள்ள காங் யாட்சே இரண்டாம் சிகரத்தில் ஏறினேன். ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டி, வழிகாட்டியோடு போனேன். இரவெல்லாம் ஏறி, காலையில் உச்சி தொட்டு, இறங்கி வரும்போது பனிச்சரிவின் கீழ் ஒருவன் கெட்டிலோடு எங்களை எதிர்கொண்டான். சமையல் கூடாரத்து உதவியாள், நேபாளத்துப் பையன், பத்தொன்பது வயது இருக்கும். சூடான தேநீர் ஊற்றிக் கொடுத்தான். அதைப் போல ஒரு தேநீரை நான் அதற்குப் பிறகு குடிக்கவில்லை. அவனோடு சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்து நைனாவிடம் போனைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். என் முகத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். விரல் படத்தின் கீழ் ஓரத்துக்குப் போனது.

"இந்தப் புள்ள கால்ல இன்னா போட்டுனு கீறான் பாத்தியா?"

கேன்வாஸ் ஷூ. நனைந்து கறுத்திருந்தது. கையில் கையுறைக்குப் பதிலாக ஒரு ஜோடி காலுறை. என் காலில் வாடகைக்கு எடுத்த இரட்டை பூட்ஸ், கையில் மூன்று அடுக்குக் கையுறை. பக்கத்தில் நின்று தேநீர் குடித்த என் கண்ணில் அது படவே இல்லை.

"உன் மூட்டைய அவன்தான் தூக்கினு வந்தானா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நைனா போனைத் திருப்பித் தந்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மற்றவர்கள் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

அதன் பிறகு இமயமலைச் சரித்திரத்தைத் தேடித் தேடிப் படித்தேன். நுன் உச்சியை முதலில் தொட்டவர்கள் பிரெஞ்சுப் பெண்மணி குளோத் கோகானும் பியர் வித்தோஸும். 1953 ஆகஸ்ட், டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்டில் ஏறி மூன்று மாதம் கழித்து. நீச்சலுடை தைத்து விற்றுப் பிழைத்த அந்தப் பெண்மணி, 1959இல் பெண்கள் குழுவொன்றுக்குத் தலைமை தாங்கி சோ ஓயு போய்ப் பனிச்சரிவில் மாண்டார். அதில் ஷெர்பாக்களும் உயிர்விட்டார்கள். கோகானைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கிடைக்கிறது. ஷெர்பாக்களைப் பற்றி ஒன்றிரண்டு வரிதான்.

2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டின் கும்பு பனியருவியில் பனிப்பாறை சரிந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பிறருடைய ஏற்றத்துக்காகப் பாதை போடவும் சாமான் சுமக்கவும் போனவர்கள். அரசு முதலில் அறிவித்த உதவி, குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். கிட்டத்தட்ட 400 டாலர். ஷெர்பாக்கள் மேலே போக மறுத்தார்கள். நேபாளப் பக்கத்தில் அந்தப் பருவத்தின் ஏற்றம் கிட்டத்தட்ட முழுவதும் நின்றுபோனது. ஒரு பருவ வருமானம் போனதாகப் பலர் வருத்தப்பட்டு எழுதினார்கள். சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பிறந்த வட்டாரத்துக்காரன் நான். எனக்கு அந்த ஷெர்பாக்கள் செய்தது சரி என்றே படுகிறது.

எனவே இந்த முறை திட்டத்தை வேறு முனையிலிருந்து தொடங்கினோம். நாங்கள் நால்வர். டெல்லியில் இருக்கும் இந்தியன் மவுன்டனீரிங் ஃபவுண்டேஷனின் அனுமதி, உடல் பரிசோதனை, உபகரணம் எல்லாவற்றுக்கும் முன்னால் மூன்று நிறுவனங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பினோம். வழிகாட்டி எங்கே பயிற்சி பெற்றவர், எத்தனை பேருக்கு ஒருவர்? அவசரத்துக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் எந்த முகாமில் இருக்கும்? சுமப்பவருக்கு நாளுக்கு என்ன கூலி, யார் கையில், எப்போது? தலைக்கு எத்தனை கிலோ? அவருக்கு பூட்ஸ், கண்ணாடி, கையுறை, படுக்கைப் பை யார் கொடுப்பது? அவர் விழுந்தால் காப்பீடு எவ்வளவு? அவருக்குத் தலைவலி வந்தால் அவரையும் எங்களைப் போல ஆள் துணையோடு இறக்குவீர்களா?

முதல் இரண்டு நிறுவனங்களும் விலையைக் குறைப்பதாகப் பதில் போட்டன. மூன்றாவது, கூலிப் பட்டியலையும் காப்பீட்டுத் தாளின் நகலையும் அனுப்பியது. தொகை மற்றவற்றைவிட அதிகம். நால்வரும் என் வீட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினோம். ஒருவர் மகள் கல்லூரிக் கட்டணத்தை நினைத்துத் தயங்கினார். அது நியாயமான தயக்கம். ஒரு வருடம் தள்ளிப்போட்டு, பணம் சேர்த்து, அந்த மூன்றாவது நிறுவனத்தோடுதான் போவது என்று முடிவானது. அந்த ஒரு வருடம்தான் இப்போது முடியப் போகிறது. ஜூலை கடைசியில் புறப்படுகிறோம்.

திரும்பும் நேரத்தையும் எழுதி வைத்திருக்கிறோம். உச்சிக்குக் கிளம்பும் நாளில், பகல் ஒரு மணி அடித்தால், உச்சி கையெட்டும் தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிடுவது. வழிகாட்டி திரும்பு என்றால் நேரம் பார்க்காமல் திரும்புவது. காசிமேட்டுப் பெரியவர் விடைகொடுக்கும்போது இதைத்தான் சொன்னார்: "காத்து மாறிச்சுன்னா வலைய அறுத்துவுட்டுனாவது கரைக்கு வந்துடணும் தம்பி. வலை திரும்பக் கட்டிக்கலாம்."

எர்ணாவூர் தாண்டி, தாழங்குப்பம் தாண்டி முகத்துவாரம் வரும்போது மணி ஒன்பதாகிவிட்டது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். அக்கரையில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படிந்து கறுத்த இந்த ஆற்றில், இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு பெண் கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார். பையை இறக்கி, ஏழு பாட்டிலையும் ஒவ்வொன்றாகத் திறந்து தண்ணீரை மணலில் ஊற்றினேன். ஏற்றத்துக்குத்தான் சுமை, திரும்பும்போது முழங்காலைக் காப்பாற்ற வேண்டும். பாட்டில் காலியாகிக் காலியாகி, பை கையில் இலேசாகிப்போனது. சுமக்கப் பிறந்தவர்கள் என்று நாம் நினைக்கும் யாருக்கும் இப்படிப் பாதி வழியில் கொட்டிவிடும் வசதி கிடையாது.

கோடை விடுமுறைக்கு மலையேற்றம் போகும் தமிழ்ப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறீர்கள். எவ்வளவு சிறிய மலையானாலும் சரி, முன்பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: என் மூட்டையைத் தூக்குகிறவர் காலில் என்ன போட்டிருப்பார்? பதில் எழுத்தில் வரும்வரை பணம் அனுப்பாதீர்கள்.