மஞ்சளுக்கு நீலம்

4ஆம் நாள், பத்து காஜா

காலையில் அரசாங்கக் கிளினிக் மிஸ்ஸி வீட்டுக்கு வந்தார். பிள்ளையைச் சன்னலோரம் தூக்கிவரச் சொன்னார். நெற்றியை விரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடத்தில் மஞ்சள். பிறகு மார்பு, வயிறு, கால். காலிலும் மஞ்சள். எங்கள் மாநிறத்தில் அது சும்மா பார்த்தால் தெரியவே இல்லை.

“காலை வெயில்ல காட்டினா இறங்கிடும்” என்றார் அம்மா. மிஸ்ஸி பதில் சொல்லாமல் எடை போட்டார். பிறந்தபோது 2.9 கிலோ, இன்று 2.62. “பால் பத்தலை. இன்னைக்கே ரத்தம் பார்க்கணும்.”

கிளினிக்கில் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் 352. கடிதத்தோடு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். லாஹாட், மெங்லெம்பு எல்லாம் தாண்டும்வரை அம்மா வாயே திறக்கவில்லை.

அன்று இரவு

டாக்டர் கேட்ட கேள்விகள் விநோதமாக இருந்தன. “பாச்சை உருண்டை போட்டு வச்ச துணியை மாட்டினீங்களா? மருதாணி, நாட்டு மருந்து ஏதாச்சும்?” ஜி6பிடி என்ற நொதி குறைந்த பிள்ளைகளுக்கு பாச்சை உருண்டையும் மருதாணியும் சிவப்பணுவை உடைத்துவிடுமாம். அந்தக் குறைக்கான சோதனையை இங்கே தொப்புள்கொடி ரத்தத்திலேயே செய்துவிடுகிறார்கள். எங்கள் பிள்ளைக்குக் குறை இல்லை. பால் போதாததுதான் காரணம்.

கண்ணைக் கட்டி, அரைத்துணியோடு நீல விளக்கின் கீழ் கிடத்தினார்கள். பால் கொடுக்க மட்டும் வெளியே எடுக்கலாம். மனைவி கடிகாரத்தையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

5ஆம் நாள்

தூக்கம் வராமல் கைப்பேசியில் படித்தேன். 1956இல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற தாதி, குறைமாதக் குழந்தைகளை வெயிலுக்குத் தூக்கிப்போவார். ஒரு குழந்தைக்குத் துணி மறைத்த இடம் மட்டும் மஞ்சளாக நின்றதை டாக்டர்களிடம் காட்டினார். 1958இல் அங்கிருந்த டாக்டர் கிரீமர் குழுவினர் அதையே விளக்குச் சிகிச்சையாக்கி எழுதினார்கள். நீல ஒளி பட்டால் தோலிலுள்ள பிலிருபின் உருமாறி, கழிவோடு வெளியேறிவிடுகிறது.

அம்மா சொன்ன வெயில் பொய்யில்லை. ஆனால் வெயிலுக்கு அளவு கிடையாது. மஞ்சளை இறக்கும் அளவுக்குக் காட்டினால் பச்சை உடம்பு தாங்காது.

6ஆம் நாள்

பிலிருபின் 214. விளக்கை அணைத்துவிட்டார்கள். எடையும் ஏறத் தொடங்கியிருக்கிறது.

வார்டு வராந்தாவில் அம்மா சொன்னார்: “உனக்கு முன்னால ஒண்ணு இருந்துச்சுய்யா. தோட்டத்துல இருந்தப்போ. இதே மாதிரிதான் மஞ்சளா. வெயில்ல காட்டுனேன். பால் குடிக்கல, தூங்கிக்கிட்டே கிடந்துச்சு. ஏழாம் நாள் வில்லா வளைஞ்சிருச்சு. ஜன்னின்னாங்க.”

எனக்கு ஓர் அண்ணன் இருந்தது முப்பத்தைந்து வயதில்தான் தெரிகிறது. மஞ்சள் மூளைக்கு ஏறினால் உடம்பு அப்படித்தான் வளையும் என்று நேற்றிரவு படித்திருந்தேன். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

7ஆம் நாள், வீடு

பிள்ளை குடித்துவிட்டுத் தூங்குகிறான். அம்மா அவனைச் சன்னலோரம் கொண்டுபோய், மிஸ்ஸி செய்தது போலவே நெற்றியை அழுத்திப் பார்க்கிறார்.

பிள்ளை பெற்ற வீட்டாருக்கு ஒரு வார்த்தை. பிறந்த முதல் நாளே மஞ்சள் தெரிந்தாலும், மஞ்சள் கால்வரை இறங்கினாலும், பால் குடிக்காமல் பிள்ளை தூங்கிக்கொண்டே கிடந்தாலும் மறுநாள் வெயிலுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ரத்தம் பாருங்கள்.