பூனைக்கு ஊரடங்கு

ஹைடல்பேர்க்குக்குக் கிட்ட வால்டோர்ப் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. 2022 மே மாதம் அங்கே பூனைகளுக்கு ஊரடங்கு போட்டார்கள். பகிடி இல்லை. நகரத்தின் தென்பகுதியில் வளர்ப்புப் பூனைகள் ஓகஸ்ட் முடியும்வரை வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டும், அல்லது கயிற்றில் கட்டிக் கொண்டுதிரியவேண்டும். மீறினால் 500 யூரோ தண்டம். பூனை ஒரு கொண்டை வானம்பாடியைக் கொன்றுவிட்டால் 50,000 யூரோ வரை போகுமாம். (எங்கட ஊர் ஊரடங்கில் தண்டமெல்லாம் இல்லை, சூடுதான். அது வேறு கதை.)

அந்தக் குருவி நிலத்தில் கூடு கட்டுவது. குஞ்சுகள் பறக்கப் பழகமுன்னமே கூட்டைவிட்டு இறங்கி நடக்கத் தொடங்கிவிடும். அங்கே மிஞ்சியிருந்தது மூன்றே மூன்று சோடி.

நான் வேலைசெய்யும் உணவகத்துக் குசினியில் அன்று முழுக்க இதுதான் கதை. எங்கள் சமையல்காரி ஜேர்மன்காரி, வீட்டில் இரண்டு பூனை. "வயலுக்கு மருந்தடித்துப் பூச்சியைக் கொன்றவனும் வெறுங்காணியெல்லாம் வீடு கட்டியவனும் வெளியே திரிகிறான், என் பூனைக்கு மறியலா?" என்று சட்டியைப் போட்டு அடித்தாள். முக்கால்வாசி சரிதான்.

ஆனாலும் நான் மற்றப் பக்கம். பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் விலங்கியல் படித்தேன், மூன்றாம் வருடத்துக்கு நாடு விடவில்லை. அதில் மண்டையில் மிஞ்சியது ஒன்று: இரை குறைந்தால் வேட்டையாடும் விலங்கும் குறையும். நரிக்கும் பருந்துக்கும் அந்தக் கணக்கு. வீட்டுப் பூனைக்கு அது இல்லை. குருவி முடிந்தாலும் கோப்பையில் டின் சாப்பாடு இருக்கும், வயிறு நிறைந்திருந்தாலும் பிடிக்கும். ஜேர்மனியில் மட்டும் ஏறத்தாழ ஒன்றரைக்கோடிப் பூனைகள். அமெரிக்காவில் ஆண்டுக்கு 130 முதல் 400 கோடிப் பறவைகளைப் பூனைகள் கொல்வதாக 2013இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பங்கு வீடில்லாத பூனைகளின் வேலை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"பூனை பாவமில்லையா அப்பா?" என்றாள் மகள். பாவம்தான். அகதி விண்ணப்பம் இழுபட்ட காலத்தில் நானும் அனுமதிக் கடதாசி இல்லாமல் மாவட்ட எல்லை தாண்டேலாது. அடுத்த மாவட்டத்தில் நடந்த மச்சானின் கலியாணத்தைப் பிறகு வீடியோவில்தான் பார்த்தேன். அடைபட்டுக் கிடப்பவரின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். வால்டோர்ப் பூனைக்கு ஓகஸ்டோடு கதவு திறந்தது, எனக்கு நாலு வருடம் எடுத்தது.

இப்போது எங்கள் வீட்டுப் பூனையும் சித்திரை முதல் ஆவணி வரை பல்கனியைத் தாண்டுவதில்லை. கீழே பற்றைக்குள் கருங்குருவி முட்டையிட்டிருக்கிறது. மகள் இரண்டு கிழமையாக என்னோடு முகங்கொடுத்துக் கதைப்பதில்லை. பூனையும்தான்.