மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

அன்புள்ள பெரியவருக்கு,

பென்சில்வேனியாவில் உங்களிடம் துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்ட கெங்குவார்பட்டிக்காரன் எழுதுவது. நன்றியை நேரிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் "துப்பாக்கியெல்லாம் சுடுறியாமே, எதுக்குப்பா?" என்று ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு போனிலும் கேட்கிறார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்று தமிழில் இன்னொரு முறை.

எங்கள் ஊர் கொடைக்கானல் மலையின் அடிவாரம். மாந்தோப்பு, தென்னந்தோப்பு, அதற்கு மேலே காடு. அங்கே என் கைக்கு வந்த ஆயுதம் உண்டிவில் ஒன்றுதான். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பிறந்தவனுக்கு வேட்டை என்பது தாத்தாமார் திண்ணையில் சொல்லும் கதை. உங்கள் நாட்டில் அதே 1972-இல் வேறொன்று நடந்தது. துப்பாக்கி, தோட்டா மீதான வரியைக் காட்டுயிர்களுக்குச் செலவிட 1937-இல் ஒரு சட்டம் வந்ததல்லவா, அதில் வில்லையும் அம்பையும் சேர்த்து 11 விழுக்காடு வரி போட்டார்கள். ஒரே ஆண்டில் ஒரு நாடு கதவைச் சாத்தத் தொடங்கியது, இன்னொன்று வாசலில் டிக்கெட் கொடுத்தது. எங்கள் ஜனநெருக்கத்துக்குச் சாத்தியதுதான் சரி என்பது என் கட்சி. அந்த வழக்கு இப்போது வேண்டாம்.

உங்களிடம் வரும்போது நான் காம்பவுண்ட் வில்லில் பழகியவன். இருபது, இருபத்தைந்து கெஜத்துக்குள் மான் வந்தால்தான் நாணை இழுப்பேன். வராவிட்டால் மரத்திலிருந்து இறங்கி வீட்டுக்கு. தாடையில் எங்கே கை பதிய வேண்டும், அம்பு போன பிறகும் வில்லை ஏன் இறக்கக் கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று கண்டதும், "இதில் பாதி உனக்கு ஏற்கெனவே வரும்" என்றீர்கள். கன்னத்தைக் கட்டையில் பதிப்பதும், சுட்ட பிறகு அசையாமல் இருப்பதும் அதே கலைதான். ஆனாலும் முதலில் என் கையில் கொடுத்தது ஒரு சின்ன .22. பெரிய .308-ஐப் பல வாரம் பெட்டியிலேயே வைத்திருந்தீர்கள்.

அது வந்த பிறகுதான் உங்கள் குறும்பு தெரிந்தது. தோட்டாக்களை நீங்களே போடுவீர்கள், நடுவில் எங்கோ ஒரு போலித் தோட்டா. டிரிகரை அழுத்துகிறேன், 'டிக்' என்கிறது, வெடிக்கவில்லை, ஆனால் குழல் மட்டும் கீழே குனிகிறது. வெடிக்கு முன்பே உடம்பு பயந்துவிடுகிறது. நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்ததைப் போட்டீர்கள். எப்போது வெடிக்கும் என்று விரலுக்கே தெரியாதபடி மெல்ல மெல்ல அழுத்த அப்படித்தான் வந்தது.

இதெல்லாம் புத்தகத்திலும் கிடைக்கும். உங்களுக்கு நான் கடன்பட்டது வேறொன்றுக்கு. நூறு கெஜத்தில் குறி சேர ஆரம்பித்த அன்று, எதிர்ச் சரிவைக் காட்டி, "அங்கே ஒரு மான் நிற்கிறது, சுடுவாயா?" என்றீர்கள். தூரத்தையும் காற்றையும் கணக்குப் போட்டேன். "மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?" என்றீர்கள். பின்னால் ஆகாயம். மேட்டு விளிம்பில் நிற்கும் மானைத் தவறவிட்டால் அந்தக் குண்டு மூன்று நான்கு கிலோமீட்டர் கூடப் போகும். வில்லில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. மரத்தின் மேலிருந்து கீழ்நோக்கி எய்த அம்பு காலடி மண்ணில் குத்தி நின்றுவிடும். என் எச்சரிக்கையில் பாதியை அந்தக் குறுகிய தூரமே பார்த்துக்கொண்டது. உங்கள் மாநிலச் சட்டமும் அதைத்தான் எண்ணில் சொல்கிறது: குடியிருக்கும் வீட்டிலிருந்து வில்லுக்கு 50 கெஜம், துப்பாக்கிக்கு 150.

அன்று உங்களுக்கு எங்கள் வல்வில் ஓரியின் கதையைச் சொன்னேன், நினைவிருக்கிறதா? கொல்லிமலைத் தலைவன். அவன் விட்ட ஓர் அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் நாங்கள் வாய்பிளந்து கேட்ட வீரம் அது. நீங்கள் சிரிக்காமல் கேட்டுவிட்டு, "நல்லவேளை, கடைசியில் ஒரு புற்று இருந்தது" என்றீர்கள். ஈராயிரம் ஆண்டுப் பாட்டுக்கு இப்படி ஓர் உரையை எந்தப் புலவரும் எழுதியதில்லை!

நவம்பர் கடைசியில் துப்பாக்கி சீசன் தொடங்கியபோது, 250 சதுர அங்குலம் ஆரஞ்சுத் துணி தலையிலும் மார்பிலும் முதுகிலும் தெரிய உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்த கொம்புள்ள ஆண்மான் மேட்டு விளிம்பில் நின்றது. சேஃப்டியை எடுக்கவே இல்லை. பிறகு வந்த பெட்டை, பள்ளத்தில், மண்சுவர் பின்னால் இருக்க நின்றது. அதைத்தான் சுட்டேன்.

ஊரிலிருந்து மச்சான் கேட்கிறான்: "தோப்புல பன்னி அட்டூழியம் தாங்கல, லீவுக்கு வரும்போது ரெண்டைச் சுட்டுக் குடு." அவனுக்கும் உங்கள் பாடத்தைத்தான் சொன்னேன். 2025 ஜனவரியில் தமிழக அரசு அனுமதித்ததும் வனத்துறை ஆட்கள் சுடுவதற்குத்தான், அதுவும் காப்புக்காட்டுக்கு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால். நம் தோப்போ காட்டை ஒட்டி. சட்டத்தை விடு, பன்றிக்குப் பின்னால் என்னடா இருக்கு? பக்கத்துத் தோப்பில் காவலுக்குப் படுத்திருக்கும் மனுசன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

மான்கறியில் கொஞ்சத்தை எங்கள் ஊர் முறையில் உப்புக்கண்டம் போட்டிருக்கிறேன். ஒரு பொட்டலம் உங்களுக்கு. எண்ணெயில் வறுத்துத்தான் சாப்பிட வேண்டும். போன முறை குழம்புக்கு நீங்கள் பட்ட பாட்டைப் பார்த்து மிளகாயைக் குறைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கெங்குவார்பட்டி மாணவன்