உறக்கத்தின் வாசலில்

‘தூக்கிவாரிப் போட்டது’ என்று நம் ஊர்களில் சொல்வதுண்டு. எதிர்பாராத செய்தியைக் கேட்டவரும் அவ்வாறு சொல்வார். இரவில் கண்ணயரும் வேளையில் உடல் துள்ளி விழித்தவரும் அவ்வாறே சொல்வார். இரண்டாவதாகச் சொன்ன துள்ளலைப் பற்றியதே இக்கட்டுரை. படுத்துச் சிறிது நேரம் ஆகியிருக்கும். எண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கத் தொடங்கும். அப்பொழுது படியில் கால் இடறியது போலவோ, மேட்டிலிருந்து கீழே விழுவது போலவோ ஓர் உணர்வு மின்னலெனத் தோன்றும். கைகால்கள் வெட்டி இழுக்கும். திடுக்கிட்டு விழித்தால் நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும். அறையோ எந்த மாற்றமும் இன்றி அமைதியாக இருக்கும்.

மருத்துவர்கள் இதனை ‘ஹிப்னிக் ஜெர்க்’ என்பர். உறக்கத் துள்ளல் என்று நாம் சொல்லலாம். நூறு பேரில் 60 முதல் 70 பேர் வரை வாழ்நாளில் எப்போதாவது இதனை உணர்ந்திருப்பர் என மதிப்பிடப்படுகிறது. இத்தனை பேர் அறிந்த ஒன்றாயினும் இதனைப் பற்றி நாம் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. பெரும்பாலோர் விடிந்ததும் மறந்துவிடுகின்றனர். மறக்க இயலாதவர்கள் தனியே அஞ்சுகின்றனர். அவ்வாறு அஞ்சியவர்களுள் நானும் ஒருவன்.

நான் வாழும் நோணாங்குப்பம், புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் சுண்ணாம்பாற்றங்கரையில் அமைந்த ஊர். செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி, கடலை நெருங்கும்போது கிளைகளாகப் பிரிகிறது. அக்கிளைகளுள் ஒன்றே சுண்ணாம்பாறு. சுற்றுலாப் பயணிகளுக்கு எங்கள் ஊர் படகுக்குழாமாகத் தெரியும். எங்களுக்கோ அது தென்னையும் உப்புக்காற்றும் கழிமுகமும் சேர்ந்த வாழ்விடம்.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் காலையில் ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. இருள் விலகாத பொழுதில், அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு சுவரோரம் அமர்ந்திருந்தோம். வெளியே தென்னைகள் ஒவ்வொன்றாக முறிந்து விழும் ஓசை கேட்டது. எந்த மரம் எப்பக்கம் விழும் என்பதை அறிய வழியில்லை. காற்று அடங்கி வெளியே வந்தபோது எங்கள் தெருவின் உருவமே மாறியிருந்தது. கடலூர் மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த செய்தி பின்னர் வந்தது. பல நாள்கள் மின்சாரம் இல்லாத இரவுகளாகவே கழிந்தன.

அந்த இரவுகளில்தான் எனக்குத் துள்ளல் மிகுந்தது. கண் செருகும் நேரத்தில் ஒரு தென்னை என்மீது சாயும். உடல் உதறி எழுந்து உட்காருவேன். பகலெல்லாம் முறிந்த மரங்களை அப்புறப்படுத்தும் உழைப்பு. இரவிலோ அரைகுறை உறக்கம். மூன்று நான்கு இரவுகள் இவ்வாறு கழிந்தபின், துள்ளலைவிட அதனை எதிர்பார்த்துக் கிடப்பதே பெருந்துன்பமாயிற்று. பாயை விரிக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அச்சத்தால் உறக்கம் கெட்டது. உறக்கம் கெட்டதால் துள்ளல் பெருகியது. துள்ளல் பெருகியதால் அச்சம் வளர்ந்தது. செக்குமாடு சுற்றிவருவது போன்ற நிலை அது.

தமிழாசிரியனாகிய எனக்கு அப்பொழுது நினைவுக்கு வந்தது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டனையும் நீங்கள் படித்திருப்பீர்கள். இவற்றுள் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார் தொல்காப்பியர்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. நான்கும் நமக்குப் புறத்தே இருப்பவை. இந்த எட்டன்றி வேறு முப்பத்திரண்டையும் அவர் அடுக்கிக் கூறுகிறார். அவ்வரிசையில் துஞ்சல் உண்டு, கனவு உண்டு, வெரூஉதல் உண்டு, நடுக்கும் உண்டு. துஞ்சல் என்பது உறக்கம். வெரூஉதல் என்பது திடுமென அஞ்சுதல். உறங்குதலையும் வெருவுதலையும் மனிதருக்கு இயல்பாக நிகழ்வனவற்றின் வரிசையிலேயே ஒரு பழைய நூல் வைத்திருப்பதைக் கண்டபோது மனம் ஓரளவு தெளிந்தது. அதன் பின்னரே இதனைப் பற்றிய அறிவியலையும் தேடிப் படித்தேன்.

விளக்கை அணைப்பது போல உறக்கம் ஒரு நொடியில் வருவதில்லை. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்தார். அக்கருவியின் துணையால் பிற்காலத்தில் உறக்கத்தின் படிநிலைகள் புலப்பட்டன. கண்மூடி ஓய்ந்திருக்கும்போது காணப்படும் ஆல்பா அலைகள், உறக்கம் தொடங்கும்போது மெல்லக் குறைந்து, வேகம் குறைந்த தீட்டா அலைகளுக்கு இடம் தருகின்றன. தசைகள் தளர்கின்றன. நம்மை விழிப்பில் வைத்திருக்கும் நரம்புத் தொகுதி மூளைத்தண்டில் உள்ளது. உறக்கத்தைக் கொண்டுவரும் நரம்பணுக்கள் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ளன. ஒன்று ஓங்கும்போது மற்றொன்று அடங்க வேண்டும்.

எங்கள் கழிமுகத்தை நாள்தோறும் காண்பவனுக்கு இது விளங்காத செய்தியன்று. ஆற்றுநீர் கடலை நோக்கிச் செல்லும். ஓதம் ஏறும்போது கடல்நீர் ஆற்றுக்குள் நுழையும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சிறிது நேரம் சுழிப்பும் தளும்பலும் இருக்கும். பிறகு ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடும். விழிப்பு உறக்கத்திற்கு வழிவிடும் நேரத்தில் எழும் தளும்பலே இத்துள்ளல் என்பது அறிஞர் பலர் தரும் விளக்கம். தசைகள் தளர்வதை மூளை கீழே விழுவதாகப் பொருள்கொண்டு, உடலைக் காக்க உதறி எழுப்புகிறது என்று கருதுவோரும் உளர். மரங்களில் உறங்கிய நம் மூதாதையரின் எச்சமாக இது இருக்கலாம் என்பதும் ஒரு கருத்து. விளக்கம் எதுவாயினும், நலமாக இருப்போர்க்கும் வரும் தீங்கற்ற நிகழ்வு இது என்பதில் மருத்துவர்கள் உடன்படுகின்றனர். நெஞ்சு படபடப்பது இதயம் நின்று மீண்டும் இயங்கியதால் அன்று; திடுக்கிட்ட உடல் வழக்கம்போல் இதயத்தை விரைவுபடுத்துகிறது, அவ்வளவே.

சில ஆண்டுகளுக்கு முன்பு மேனிலை முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் முதல் பாடவேளையிலேயே கண்கள் சிவந்து தலை சாய்ந்து கிடந்தான். வகுப்பு முடிந்ததும் அவனைத் தனியே அழைத்துக் கேட்டேன். வெகுநேரம் தரையைப் பார்த்து நின்றவன், “ஐயா, ராத்திரி தூங்குவதற்குப் பயமாக இருக்கிறது” என்றான். மீன்பிடித் தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. இரண்டு மாதங்களுக்கு முன் அவன் தாத்தா இறந்திருந்தார். நல்ல சாவு, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். தாத்தாவின் பக்கத்திலேயே படுத்து வளர்ந்தவன் அவன். அச்சொல் அவனுக்கு ஆறுதலாக அமையவில்லை.

“கண் மூடினால் கிணற்றில் விழுவதுபோல் தூக்கிப் போடுகிறது, ஐயா. அப்போதுதான் உயிர் போகப் பார்க்கிறது என்று தோன்றுகிறது. விழித்துக்கொள்ளாமல் விட்டால் தாத்தா மாதிரி ஆகிவிடுமோ?”

பதினாறு வயதுப் பிள்ளை இரவு முழுவதும் தன் உயிருக்குத் தானே காவலிருந்திருக்கிறான். விழித்திருப்பதற்காகத் தேநீர் குடித்திருக்கிறான். விடியும்வரை கைப்பேசியைப் பார்த்திருக்கிறான். வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை. அம்மா தாத்தாவுக்காக ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கிறார் என்பது அவன் சொன்ன காரணம்.

துஞ்சுதல் என்னும் சொல்லுக்கு உறங்குதல் என்றும் இறத்தல் என்றும் இரு பொருள் உண்டு. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்று மன்னர் பெயர்களிலேயே அதனைக் காண்கிறோம். இழப்பின் துயரை மென்மையாக்க நம் முன்னோர் மரணத்தை உறக்கம் என்றனர். வள்ளுவரும் நிலையாமை அதிகாரத்தில் சாவை உறக்கத்திற்கும் பிறப்பை விழிப்புக்கும் ஒப்பிடுகிறார். ஒப்புமை ஒரு திசையில் செல்வது. சாவு உறக்கம் போன்றது என்பதனால் உறக்கம் சாவாகிவிடாது. இதனை அவனிடம் விளக்கினேன். துள்ளல் எதனால் வருகிறது என்பதையும், நெஞ்சு ஏன் படபடக்கிறது என்பதையும் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். புயலுக்குப் பிந்திய என் இரவுகளையும் சொன்னேன். “உங்களுக்குமா ஐயா?” என்று முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

அன்று மாலையே அவன் தந்தையிடம் பேசினேன். ஆசிரியரின் சொல் ஆறுதலுக்கு உதவும். உடலைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். அவர் மகனை அழைத்துச் சென்று காட்டினார். இதயம் நன்றாக இருக்கிறது, தேநீரைக் குறைத்து நேரத்தோடு படுக்கட்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

இத்துள்ளல் மிகுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் நம் நாளின் நடைமுறையிலேயே உள்ளன. உறக்கக் குறைவு, மனக்கவலை, பின்மாலையில் அருந்தும் காபியும் தேநீரும், இரவு நேரக் கடும் உடற்பயிற்சி ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. காபியில் உள்ள காஃபின் ஏறத்தாழ 5 மணி நேரம் கழித்தும் பாதியளவு உடலில் தங்கியிருக்கும். ஆகவே மாலை ஆறு மணிக்குக் குடித்த காபி, இரவு பதினொரு மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். 13 முதல் 18 வயது வரை உள்ளோர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. தேர்வுக் காலத்தில் இதனைப் பாதியாக்கிக்கொள்ளும் மாணவர்க்குத் துள்ளல் கூடுவதில் வியப்பில்லை.

தூளியில் குழந்தையை உறங்கவைக்கும் தாய், அதனைச் சட்டென்று நிறுத்துவதில்லை. வீச்சைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பாட்டின் குரலையும் தாழ்த்தி, பிறகே கையை எடுப்பாள். நம் நாளையும் அவ்வாறே ஓய்வுக்குக் கொண்டுவர வேண்டும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசியைத் தொலைவில் வைத்துவிடலாம். மறுநாள் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிவிட்டால், அவற்றை மனம் சுமந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுவது நன்று. துள்ளல் வந்துவிட்டால் கடிகாரத்தைப் பார்க்காமல், மூச்சை மெதுவாக வெளிவிட்டுக்கொண்டு, ‘வந்தது, போகும்’ என்று சொல்லிக்கொள்ளலாம். நெடுநேரம் உறக்கம் வராவிடில், எழுந்து மங்கிய வெளிச்சத்தில் சிறிது அமர்ந்திருந்து, கண் சுழலும்போது மீண்டும் படுக்கலாம். இவற்றைப் பின்பற்றியே நான் ஒரு மாதத்தில் தேறினேன்.

எல்லாத் துள்ளலும் இவ்வகையினதே என்று எண்ணிவிடவும் கூடாது. இரவு முழுவதும் மீண்டும் மீண்டும் வந்து உறக்கத்தைக் கெடுத்தாலோ, நாக்கைக் கடித்துக்கொண்டாலோ, படுக்கையில் சிறுநீர் கழிந்தாலோ, விழித்தபின் நெடுநேரம் தெளிவின்றி இருந்தாலோ மருத்துவரைக் காண வேண்டும். காலையில் எழுந்த சிறிது நேரத்தில் கைகள் வெட்டி இழுத்து, பிடித்த பொருள் கை நழுவி விழுவது இளம்பருவத்தில் தொடங்கும் ஒருவகை வலிப்பின் அறிகுறியாக இருக்கக்கூடும். உரிய மருந்தால் அதனைக் கட்டுப்படுத்த இயலும். மார்பு வலி, மயக்கம், உறக்கத்தில் மூச்சுத் திணறல் ஆகியவற்றையும் மறைத்துவைத்தல் ஆகாது.

அம்மாணவன் தன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். சில நாள்கள் அவர் தாத்தாவின் இடத்தில் பாய் விரித்து அவன் அருகிலேயே படுத்துக்கொண்டார். தாத்தாவைப் பற்றி இருவரும் பேசிப் பேசி உறங்கினார்களாம். தேர்வு நேரத்தில் இப்போதும் எப்போதாவது தூக்கிப் போடுகிறது என்று ஒருநாள் சொன்னான். அப்போது என்ன செய்வாய் என்று கேட்டேன். “மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன், ஐயா” என்றான்.